கிளட்ச் மிதி இல்லாத பட்டாள லாரி!

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். எண்ணெயைத் தானே ஊற்றிக்கொள்ளாது!

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மூட்டைகள் ஏறியதும் கேரளத்துக்குப் போகும் லாரிகள் தெற்கே திரும்புகின்றன. கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்களைத் தாண்டினால் புளியரை. அங்கே மலை குறுக்கே நிற்கிறது. 'எஸ்' எழுத்தைப் போல வளையும் பாதையில் ஏறிக் கோட்டைவாசலைக் கடந்தால்தான் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போய்ச் சேரலாம்.

அந்த ஏற்றத்தில் டிரைவரின் இடது கால் படும் பாடு கொஞ்சமல்ல. கிளட்சை மிதிக்க வேண்டும். கியரைத் தள்ள வேண்டும். காலை எடுக்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும் மிதிக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியில் ஒரு கியர் தவறினால் லாரி பின்வாங்கும். கிளீனர் கட்டையோடு கீழே குதிக்க வேண்டியதுதான்!

இந்த வேலை முழுவதையும் வண்டியே பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்ட லாரிகள் உலகில் உண்டு. அமெரிக்கப் பட்டாளம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை ஓட்டியது. வயதானதும் அவை ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுத்தவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் தகராறு தொடங்கியது. "கியர் பெட்டி போய்விட்டது" என்று பட்டறைக்காரர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஆனால், உண்மையில் போனது கியர் பெட்டிதானா?

டிஸ்போசல் லாரிகளின் காலம்

பட்டாளம் கழித்துப் போட்ட வண்டி நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் கனடா தேசம் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்து அனுப்பியது. அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. பர்மாப் போர்முனைக்காக இந்தியாவிலும் இவை ஏராளமாக வந்து இறங்கின.

யுத்தம் 1945-ல் முடிந்தது. வண்டிகளைத் திருப்பி எடுத்துப் போகும் கப்பல் செலவு, வண்டியின் விலைக்கே கட்டாது போலிருந்தது. 1946-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க சர்க்காரும் இந்திய சர்க்காரும் உபரித் தளவாடங்கள் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. யுத்த உபரி வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. 'டிஸ்போசல் லாரி' என்ற சொல் தமிழ்நாட்டு மோட்டார் பட்டறைகளில் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்த லாரிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. இருமுறை கிளட்ச் மிதித்து, என்ஜின் வேகத்தைக் காதால் அளந்து, பல்லோடு பல் சேரும் நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். தவறினால் 'கறகற' என்று ஊருக்கே கேட்கும். ஆனால், ஒரு வசதி உண்டு. பழுது என்றால் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். தேய்ந்த பல் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு இந்திய ராணுவமே சொந்தமாக லாரி செய்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தோடு 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' பிறந்தது. நிஸான் உரிமத்தில் 'ஜோங்கா' வந்தது. அதன் உற்பத்தி 1999-ல் நின்றது. இவை பின்னாளில் ஏலத்துக்கு வந்து, மலையோரங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தன. இவையும் கையால் கியர் மாற்றும் வண்டிகளே.

கிளட்ச் மிதியே இல்லாத பட்டாள வண்டியின் கதை வேறு நாட்டில் தொடங்குகிறது.

டாங்கியில் ஏறிய கியர் பெட்டி

1940-ம் ஆண்டு மாடலாக விற்ற ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புதுமையைச் சேர்த்தது. 'ஹைட்ரமாட்டிக்' என்று அதற்குப் பெயர். முன்னோக்கிப் போக நான்கு கியர். நான்கையும் வண்டியே மாற்றிக்கொள்ளும்.

அப்போது யுத்தம் மூண்டிருந்தது. ஆகாய விமானங்களுக்கு என்ஜின் தட்டுப்பாடு. டாங்கிகளுக்கும் அதே வகை என்ஜினைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே, காடிலாக் கார் என்ஜின்கள் இரண்டையும் ஹைட்ரமாட்டிக் பெட்டிகள் இரண்டையும் ஒரே டாங்கிக்குள் பொருத்தினார்கள். 'எம்.5 ஸ்டூவர்ட்' என்ற அந்த இலகு டாங்கி 1942-ல் உற்பத்திக்கு வந்தது. பின்னர் 'எம்.24 சாஃபி' டாங்கியிலும் அதே ஏற்பாடுதான். சீமான்களின் சௌகரியத்துக்காகச் செய்த பெட்டி சேற்றிலும் குழியிலும் உழன்று தேறியது!

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் லாரிக்கும் முறை வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் இரண்டரை டன் லாரியில் இரண்டு வகைகளை ஏற்றது. ஒன்று ஜி.எம்.சி.யின் எம்.211, அதில் ஹைட்ரமாட்டிக். மற்றது ரியோ நிறுவனம் உருவாக்கிய எம்.35, அதில் கையால் மாற்றும் கியர். ஒரே பட்டாளம், ஒரே பாரம், இரண்டு பெட்டிகள்!

போட்டியில் நிலைத்தது எது? கையால் மாற்றும் எம்.35தான். பல பத்தாண்டுகள் அது உழைத்தது. ஹைட்ரமாட்டிக் லாரி முன்னதாகவே ஏலக் களத்துக்குப் போயிற்று. ஆனால், அதே குடும்பத்து லாரிகளைக் கனடா ராணுவம் 1980-கள் வரை ஓட்டியது. பெட்டியின் மீது மட்டும் பழி போட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

1980-களில் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்க ராணுவத்தின் எம்.939 ஐந்து டன் லாரியில் அல்லிசன் நிறுவனத்தின் ஐந்து கியர் தானியங்கிப் பெட்டி வந்தது. செவர்லே பிக்கப் வண்டிகளும் 1984 முதல் தானியங்கிப் பெட்டியோடு சேவையில் சேர்ந்தன. 1990-களில் வந்த புது லாரிகளில் ஏழு கியர். புதிதாகச் சேரும் சிப்பாய்க்கு கியர் மாற்றக் கற்றுக்கொடுக்கும் காலம் மிச்சமாயிற்று.

எதிரெதிரே இரண்டு மின்விசிறி

கிளட்ச் இல்லாமல் என்ஜினின் பலம் எப்படிச் சக்கரத்துக்குப் போகிறது?

ஒரு மேஜை விசிறியை ஓடவிட்டு, ஓடாத இன்னொரு விசிறியை அதன் எதிரே வைத்துப் பாருங்கள். முதல் விசிறியின் காற்றுப் பட்டு இரண்டாவதும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே கம்பியும் இல்லை, பட்டையும் இல்லை. காற்றுக்குப் பதில் எண்ணெயை வையுங்கள். இரண்டு விசிறிகளையும் ஒரு கும்பாவுக்குள் மூடுங்கள். அவ்வளவுதான் தத்துவம்! ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பலுக்காக இதை யோசித்து 1905-ல் காப்புரிமை பெற்றார்.

பின்னால் வந்த பெட்டிகளில் இரண்டு விசிறிகளுக்கும் நடுவே மூன்றாவது சக்கரம் ஒன்று உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது திசை மாற்றி, மறுபடியும் தள்ளுவதற்கு உதவியாக அனுப்புகிறது. வண்டி கிளம்பும்போது இழுவை கூடுவது இதனால்தான். பட்டறையில் இதற்கு 'கன்வெர்ட்டர்' என்று பெயர்.

அதற்குப் பின்னால் பல் சக்கரங்கள். நடுவே சூரியனைப் போல ஒன்று. சுற்றிலும் கிரகங்களைப் போலச் சில. வெளியே வளையம் ஒன்று. இந்த மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்தும் வேலை, அடுக்கடுக்கான கிளட்ச் தட்டுகளுக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் உரியது.

தட்டுகளை அழுத்துவது யார்? அதுவும் எண்ணெய்தான். குளத்தில் மடை திறந்து வயல்களுக்கு நீர் விடுவதைப் போல, 'வால்வ் பாடி' என்ற பகுதி எண்ணெய்க்கு வழி திறந்தும் அடைத்தும் கொடுக்கிறது. வண்டியின் வேகம் ஒரு பக்கமிருந்து சேதி சொல்கிறது. ஆக்சிலேட்டர் மறு பக்கமிருந்து சேதி சொல்கிறது. இரண்டையும் வைத்து எந்த மடையைத் திறப்பது என்று முடிவாகிறது.

பலத்தைக் கடத்துவது, தட்டை அழுத்துவது, தேயாமல் காப்பது, சூட்டைச் சுமந்து போவது ஆகிய நான்கு வேலைகளும் எண்ணெய்க்கே! எண்ணெய் கெட்டால் நான்கும் கெடும்.

குச்சி சொல்லும் சேதி

ஆகவே, தானியங்கிப் பெட்டியில் தகராறு என்றால் முதலில் கை போக வேண்டிய இடம் ஸ்பானர் அல்ல. எண்ணெய் பார்க்கும் குச்சி.

எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கியர் போட்டு இரண்டு நொடி கழித்தே வண்டி அசையும். ஏற்றத்தில் என்ஜின் கத்தும், வண்டி நகராது. எண்ணெய் மிகுந்தாலும் கேடுதான். சுழலும் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தும் பலம் கிடையாது. குறைந்தாலும் கூடினாலும் நோய் ஒன்றே என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்ப்பது நல்ல பரீட்சை. கருமையும் கருகிய வாடையும் இருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பாலைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகியிருக்கலாம். பித்தளை நிறத்தில் மினுமினுத்தால் புஷ்கள் தேய்கின்றன. நல்ல நிறமும் வாடையின்மையும் இருந்தால் பெட்டியைத் திறக்க அவசரமே இல்லை. வெளியே தேட வேண்டும்.

வெளியே என்ன இருக்கிறது? செவர்லே பட்டாள வண்டியில் என்ஜினிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு சிறு ரப்பர்க் குழாய் போகிறது. என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்ற சேதி அதன் வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். குழாய் வெடித்தால் சேதி போகாது. பெட்டி, பெரும் பாரம் என்று நினைத்துக்கொண்டு, கியரைத் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாற்றும். "பெட்டி போச்சு" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட வண்டி, ஒரு முழம் ரப்பர்க் குழாயில் சரியாகிவிடும்! அதே போல ஆக்சிலேட்டரிலிருந்து வரும் கேபிள், கியர்க் கம்பியின் இணைப்பு, அடித்தட்டில் உள்ள வடிகட்டி, மூச்சுக் குழாய் ஆகியவற்றைப் பார்த்துவிட்டே பெட்டியில் கை வைக்க வேண்டும்.

நின்றே கெட்ட வண்டி

பட்டாள வண்டிக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. அது ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம்.

மீட்டரில் குறைந்த தூரம் காட்டும். வாங்குபவர் மனம் குளிர்ந்துவிடும். ஆனால், வண்டி கிடங்கில் பல ஆண்டுகள் அசையாமல் நின்றிருக்கலாம். ரப்பர் சீல்கள் காய்ந்து கல்லாகியிருக்கும். உள்ளே ஈரம் படிந்து துரு ஏறியிருக்கும். ஓட்டத் தொடங்கிய சில நாளில் கீழே எண்ணெய்க் குளம் கட்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. நெடுநாள் நின்ற வண்டியில் கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தட்டுக்கு வந்துவிடும். என்ஜினைக் கிளப்பாமல் குச்சியை உருவினால் அளவுக்கு மேல் காட்டும். விவரம் தெரியாதவர் 'அதிகம்' என்று வடித்து விடுவார். என்ஜின் கிளம்பியதும் எண்ணெய் மறுபடி கன்வெர்ட்டருக்குப் போய்விடும், அடியில் பற்றாக்குறை! ஆகவே, சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போது, எண்ணெய் சூடான பிறகு பார்ப்பதே முறை.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தானியங்கிப் பெட்டி என்றால் சிவப்பு எண்ணெய்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.939 போன்ற லாரிகளின் பெட்டிக்கு ராணுவம் என்ஜின் எண்ணெய் வகையையே ஊற்றியது. வண்டியோடு வந்த தகட்டையும் கையேட்டையும் படிக்காமல் எதையாவது ஊற்றிக் கலப்பது, வைத்தியர் சீட்டைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது

பாட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்புவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான தானியங்கிப் பெட்டிகளில் இது நடக்காது. எண்ணெய்ப் பம்ப் என்ஜினோடுதான் சுழலும். என்ஜின் நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் கியரே இல்லை.

அதைவிட ஆபத்து, நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது. சக்கரம் சுழல, பெட்டியின் பின்பகுதி சுழல, பம்ப் மட்டும் சும்மா இருக்கும். எண்ணெய் இல்லாமல் உள்ளே காய்ந்து தேயும். சில மைல் இழுத்தாலே நல்ல பெட்டி நாசமாகிவிடும். புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றிவிட்டே இழுக்க வேண்டும். நடுவழியில் இதைச் செய்யச் சோம்பல்பட்டு, வெறும் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கியவர்கள் உண்டு.

மலைப்பாதையில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது டிரைவர்களின் பழைய பாடம். தானியங்கி வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விடக்கூடும். பிறகு பாரம் முழுதும் பிரேக்கின் தலையில்! கோட்டைவாசலிலிருந்து இறங்கும் முன்பே கம்பியைத் தாழ்ந்த கியருக்கு இழுத்துவிட வேண்டும். சரிவில் நிறுத்தினால், கியரில் போட்டு நிறுத்துவது இங்கே உதவாது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய் அல்லவா? ஹேண்ட் பிரேக்கும் கிளீனரின் கட்டையும்தான் துணை.

ஏற்றத்தில் எண்ணெய் கொதிப்பதையும் மறக்கக் கூடாது. வெப்பம் 120 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் எண்ணெயும் சீல்களும் விரைவில் கெடும். மீட்டர் முள் ஏறினால் வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட வேண்டும். எண்ணெய் சுற்றிக் குளிர்விப்பானுக்குப் போய் ஆறும். என்ஜினை அணைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

திறந்துதான் ஆக வேண்டுமென்றால்...

எல்லாம் பார்த்தாயிற்று, எண்ணெய் கருகியிருக்கிறது, அழுத்த மீட்டரும் குறைவாகக் காட்டுகிறது. இனித் திறக்க வேண்டியதுதான்.

இங்கே முதல் எதிரி, பட்டறையின் பனியன் வேஸ்ட்! என்ஜின் வேலைக்கு அது நல்ல நண்பன். வால்வ் பாடிக்கோ சத்துரு. அதிலிருந்து உதிரும் ஒரு நூலிழை போதும், வால்வைச் சிக்கவைக்க. கழுவிய பாகங்களைக் காற்றடித்தே உலர்த்த வேண்டும்.

வால்வ் பாடியை இறக்கும்போது மிளகைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டுகள் உதிரும். எது எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாவிட்டால் திண்டாட்டம்தான். புதிய கிளட்ச் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே அடுக்க வேண்டும். உலர்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே எரியும். கடைசியாகக் கன்வெர்ட்டர். அது பம்பின் பல்லோடு முழுவதும் அமர்ந்த பிறகே பெட்டியை என்ஜினோடு முடுக்க வேண்டும். அமராமல் போல்ட்டை இறுக்கினால், ஸ்டார்ட் செய்த அந்தக் கணமே பம்ப் உடையும். பல நாள் வேலை ஒரு நொடியில் வீண்!

குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவாமல் விட்டாலும் அதே கதிதான். பழைய பெட்டியின் தூள் புதிய பெட்டிக்குள் வந்து சேரும்.

நம் பட்டறைக்கும் வருகிறது

அமெரிக்க லாரியின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். தானியங்கிப் பெட்டி இப்போது தமிழ்நாட்டுச் சரக்குதான். பட்டாள லாரிகளுக்குப் பெட்டி செய்த அதே அல்லிசன் நிறுவனம், சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2010-ல் தொழிற்சாலை திறந்தது. நகரங்களில் ஓடும் தாழ்தள பஸ்கள் பலவற்றில் கிளட்ச் மிதி கிடையாது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கும் ஜெர்மன் நாட்டு ரெங்க் நிறுவனத்தின் கியர் பெட்டிதான்.

இன்றைய பட்டாளம் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஏலங்களுக்கு வருகின்றன. நாளை அவற்றிலும் கிளட்ச் இல்லாதவை வரக்கூடும். அன்று ஏலம் எடுப்பவருக்கு மீட்டரில் உள்ள தூரத்தைவிட, வண்டி எத்தனை ஆண்டு நின்றது என்பதே முக்கியமான கேள்வியாக இருக்கும். பட்டறைக்காரருக்கோ காதும் கையும் மட்டும் போதாது. எண்ணெயின் நிறமும் வாடையும் படிக்கத் தெரிய வேண்டும். பெட்டியைப் பிரித்துக் கூலி வாங்குவதைவிட, பிரிக்கத் தேவையில்லை என்று சொல்லத் தெரிந்தவரே அன்று கெட்டிக்கார மெக்கானிக்!

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்றார்கள் பெரியோர். மனிதனுக்குச் சொன்ன அந்த வார்த்தை, கிளட்ச் மிதி இல்லாத லாரிக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது.